பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஒரே படகு

பொங்கல் விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “என்ன சார், ரயிலை விட்டுட்டுப் பாய்மரப் படகுல ஏறிட்டீங்களாமே?” என் தங்கை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் போலும். அவருக்குப் பின்னால் நின்றவர், “கட்டுமரம் கண்டுபிடிச்சதே நாமதானே, ரத்தத்துல இருக்கும்” என்று எடுத்துக் கொடுத்தார். அதற்குள் இலை போட்டுவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. இருவருக்கும் பதில் பாக்கி இருக்கிறது. ஆசிரியர் பக்கம் ஒதுக்கித் தந்ததால் இங்கே தீர்த்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை மகனுக்கு வயது 33. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நாலைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டப் பழகிவருகிறான். சென்ற ஆண்டு அவனும் மூன்று நண்பர்களும் பணம் போட்டு, பழைய 34 அடி யாட் ஒன்றை வாங்குவதாக முடிவு செய்தார்கள். பந்தயங்களில் ஓடிப் பரிசுகள் வாங்கிய படகு. “ரேஸும் ஓட்டலாம், லீவுல குடும்பத்தோட கோவாவும் போகலாம், ரெண்டுக்கும் ஆகும் மாமா” என்றான். குடும்பம் என்றால் அவன் மனைவியும் ஏழு வயதுப் பெண் குழந்தையும். தங்கை என்னிடம் போனில் அழாத குறை: “அண்ணே, நீயாவது அவன்கிட்ட சொல்லு. வீட்டுக் கடனே முடியலை. இதுல கடல்ல போய் உயிரோட விளையாடணுமா?”

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வருடம் இயந்திரங்களோடு பழகியவன், பார்க்காமல் ஒரு பொருளைத் தள்ளுவதில்லை. “ரெண்டுக்கும் ஆகும்” என்று அவன் சொன்ன சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு படகு உண்மையிலேயே உண்டா, அல்லது விற்பவர் வாய் சாமர்த்தியமா? எட்டு மாதம் படித்தேன், விசாரித்தேன், இரண்டு முறை வாந்தியும் எடுத்தேன். உண்டு என்பதே என் முடிவு. இன்னொன்றும் சொல்வேன்: பாய்மரப் படகுகளிலேயே பொறியியலுக்கு மிகக் கடினமானதும், மனிதருக்கு மிக நல்லதும் அந்த இரண்டும் கெட்டான் என்று பலர் ஒதுக்கும் ரகம்தான். ஆனால் பெயர்ப்பலகையை நம்பி அதை வாங்கக் கூடாது.

ரயில்காரனுக்குப் புரிகிற பாஷையில் தொடங்குகிறேன். 1983-இல் டிப்ளமோ முடித்து கல்யாண் டீசல் ஷெட்டில் நான் சேர்ந்தபோது எங்களுக்குச் சோறு போட்டது டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின். அந்தப் பெயரில் உள்ள ‘எம்’ கலப்பு வேலை என்பதைக் குறிக்கும். அதாவது சரக்கும் இழுக்கும், பயணிகள் வண்டியும் இழுக்கும். 2,600 குதிரைத்திறன். இன்று இரவு நிலக்கரி வேகன்களை இழுத்து வந்த இன்ஜின், எண்ணெயும் மணலும் நிரப்பி, பிரேக் பிளாக் பார்த்து அனுப்பினால் மறுநாள் மெயில் வண்டியின் தலையில் நிற்கும். பல்சக்கர விகிதத்தை வேகத்துக்கென்று வைத்தால் இழுவை போகும். இழுவைக்கென்று வைத்தால் வேகம் போகும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தை. பின்னாளில் பயணிகளுக்குத் தனி, சரக்குக்குத் தனி என்று இன்ஜின்கள் பிரிந்தன; நல்லதுதான். ஆனாலும் நள்ளிரவில் ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் கன்ட்ரோலர் கேட்டது அந்தப் பழைய கலப்பு இன்ஜினைத்தான்.

பாய்மரப் படகிலும் இதே இழுபறி உண்டு. பந்தயக்காரனுக்கு எடை குறைய வேண்டும், பாய் பெரிதாக வேண்டும். பயணக்காரனுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும், அடுப்பு வேண்டும், ஈரமில்லாத பெர்த் வேண்டும், கழிப்பறைக்குக் கதவு வேண்டும். ஒவ்வொன்றும் எடை. இதில் பலர் தவறாக நினைப்பது, வேகம் என்பது பந்தயக்காரனின் பேராசை மட்டுமே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைப் பிளந்து செல்லும் படகு, தான் எழுப்பும் அலைக்குள் தானே அகப்பட்டுக்கொள்ளும். நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அதன் இயல்பான உச்ச வேகம் கிடைக்கும். 25 அடி என்றால் 6.7 நாட், மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிள்காரன் தாண்டிப் போய்விடுவான். காற்று பின்னாலிருந்து நன்றாக வீசினால் ஒரே நீளமுள்ள மந்தமான படகும் துடிப்பான படகும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் போகும். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில்: காற்று மெலியும்போது, காற்று எதிர்த்து வரும்போது.

இந்த இரண்டாவதுதான் குடும்பக்காரனுக்கு உயிர்நாடி. மும்பையிலிருந்து கோவா ஏறத்தாழ 220 கடல் மைல். மழைக்காலம் கழிந்த நல்ல பருவத்தில் கொங்கண் கரையில் பிற்பகல் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். அதனால் போவது சுகம், முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி. திரும்பி வருவதுதான் கஷ்டம். காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போகாது. ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கம், பிறகு திரும்பி மறு பக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். போர் மலைப்பாதையில் 1929 வரை கண்டாலா அருகே வண்டியை நிறுத்தி, திசை மாற்றி ஏற்றினார்களே, அந்த மாதிரி. துடிப்பான படகு காற்றுக்கு இன்னும் நெருக்கமாக ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் லாபம். மந்தமான படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். காற்று கரைப்பக்கமாகத் தள்ளுகிறது, மோட்டார் மக்கர் செய்கிறது என்று வையுங்கள். காற்றை எதிர்த்து ஏற முடியாத படகு பாறையில்தான் போய் நிற்கும். சோபாவும் குளிர்பெட்டியும் நிறைந்த மிதக்கும் வீட்டைவிட, நன்றாக ஏறும் படகுதான் குழந்தைக்குப் பத்திரம் என்று தங்கையிடம் நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. நியாயம்தான்.

அவளுக்கு நான் காட்டிய முதல் சாட்சி ஒரு தபால்தலை. 1987-இல் நம் அஞ்சல் துறை வெளியிட்டது. அதில் இருப்பது ‘திரிஷ்ணா’. நம் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு அதிகாரிகள் உலகைச் சுற்றிய படகு. 1985 செப்டம்பர் 28-இல் மும்பையிலிருந்து கிளம்பி, 470 நாட்களில், முப்பதாயிரம் கடல் மைலுக்கு மேல் ஓடி, 1987 ஜனவரி 10-இல் திரும்பி வந்தார்கள். இந்தியர் ஒரு பாய்மரப் படகில் உலகைச் சுற்றியது அதுவே முதல் தடவை. அப்போது எனக்கு வயது இருபத்தைந்து, ஷெட்டில் இரவு ஷிப்ட். டீக்கடையில் பேப்பரைப் பார்த்து, “ராணுவ இன்ஜினியருக்குக் கடல்ல என்ன வேலை?” என்று நாங்களும் சிரித்தோம். இப்போது என்னைக் கேட்கிறார்கள்.

அப்போது கவனிக்காதது இது: திரிஷ்ணா புதிதாகக் கட்டிய சாகசப் படகு அல்ல. இங்கிலாந்தில் வாங்கிய, ஏற்கெனவே பயன்பட்ட 37 அடி ‘ஸ்வான்’. பின்லாந்தில் நௌட்டர் என்ற பட்டறை 1966-இல் தொடங்கி, பந்தயத்துக்கும் நெடும்பயணத்துக்கும் சேர்த்தே கட்டிவந்த ரகம். அந்த ஆரம்பகால ஸ்வான்களை வரைந்தது நியூயார்க்கின் ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ். அதன் மூளையான ஓலின் ஸ்டீஃபன்ஸ், எம்.ஐ.டி.யில் சேர்ந்து முதல் வருடத்திலேயே உடம்பு சரியில்லாமல் விட்டுவந்தவர். பட்டம் கிடையாது. (டிப்ளமோக்காரன் நான் இதை இரண்டு முறை படித்தேன்.) அவர் வரைந்த ‘டோரேட்’ 1931-இல் அட்லாண்டிக் கடக்கும் பந்தயத்தில் வென்றது, அப்போது அவருக்கு 23 வயது, தம்பியும் அப்பாவும் கூடவே படகில். அதே டோரேட், பழுது பார்த்து, 2013-இல் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு நடந்த பந்தயத்தில் மறுபடி முதலிடம். எண்பது வருடத்துக்குப் பிறகு மெயின் லைனில் ஓடி நேரத்தையும் மிச்சப்படுத்திய இன்ஜின் ஒன்றை யாராவது காட்டுங்கள், பார்ப்போம்.

இரண்டாவது சாட்சி எனக்கு இன்னும் பிடித்தது. 1973-இல் உலகைச் சுற்றும் முதல் விட்பிரெட் பந்தயம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கியது. கேப் டவுன், சிட்னி, ரியோ, மறுபடி போர்ட்ஸ்மவுத். கடற்படை ஆட்களும் தொழில்முறை மாலுமிகளும் நிறைந்த கூட்டத்தில் மெக்ஸிகோவிலிருந்து ஒரு வாஷிங் மெஷின் முதலாளி, ராமோன் கார்லின். கடல் பந்தய அனுபவம் மிகக் குறைவு. கடையில் விற்கும் ரகத்திலேயே ஒரு ஸ்வான் 65 வாங்கி, ‘சாயுலா 2’ என்று பெயர் வைத்தார். மகன் படகில், சில கட்டங்களில் மனைவியும். மற்றவர்கள் எடையைக் குறைக்கப் பொடி உணவைக் கரைத்துக் குடிக்கையில் இவர்கள் உறைபெட்டியில் இறைச்சி வைத்திருந்தார்கள், ஒயின் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். தென்கடலில் ஒரு பேரலை படகைப் புரட்டிப்போட்டது, ஆட்களுக்குக் காயம். படகு நிமிர்ந்தது, ஓடியது. அந்தப் பந்தயத்தில் மற்றப் படகுகளில் மூவர் கடலில் போனார்கள். 1974-இல் கணக்குப் பார்த்தபோது, படகின் அளவுக்கு ஏற்பக் கழித்துக் கூட்டும் முறையில், முதலிடம் சாயுலாவுக்கு. முதலில் வந்து சேரவில்லை, அது உண்மை. மொத்த நேரத்தில் அதைவிடப் பெரிய ‘கிரேட் பிரிட்டன் 2’ முந்தியது. ஆனால் வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த ஆட்கள் ஏழு மாதப் போட்டியில் நன்றாக ஓட்டுவார்கள் என்பது எந்த ஷெட் ஃபோர்மேனுக்கும் தெரிந்த விஷயம். ரன்னிங் ரூமில் சாப்பாடு மோசமென்றால் அந்த வாரம் என்ஜினில் பழுது அதிகம். நான் ரிஜிஸ்டரில் பார்த்தவன்.

இப்போது மறுபக்கம் வருகிறேன். அதுவே இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

வெவ்வேறு அளவுப் படகுகள் ஒரே பந்தயத்தில் ஓட வேண்டுமானால் ஒரு மதிப்பெண் முறை வேண்டும். 1970 வாக்கில் ஐ.ஓ.ஆர். என்ற சர்வதேச விதி வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதே ஓலின் ஸ்டீஃபன்ஸ்தான். நல்ல நோக்கம். படகின் உடலைச் சில குறிப்பிட்ட இடங்களில் அளந்து, சூத்திரத்தில் போட்டு, ஒரு எண் கொடுப்பார்கள். எண் சின்னதானால் சலுகை அதிகம். நடந்தது என்ன? அளக்கும் இடத்தில் மட்டும் உடலைப் புடைக்க வைத்தார்கள், பின்பக்கத்தைக் கிள்ளினார்கள். நிமிர்ந்து நிற்கும் பலம் அதிகமான படகுக்கு அந்தச் சூத்திரத்தில் மதிப்பெண் பாதகமாக விழுந்தது. எனவே அடியில் பாரத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஆட்களை விளிம்பில் வரிசையாக உட்கார வைத்துப் படகை நிமிர்த்தினார்கள். ஆள் எழுந்து உள்ளே போனால் படகுக்கு அந்தப் பலமும் போச்சு.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டைம்டேபிளில் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய பிரிவைப் பாருங்கள். எதிர்த்திசையில் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு இந்தத் திசையில் அரை மணி போட்டிருக்கும். ஏன்? வண்டி சரியான நேரத்தில் வந்ததா என்பதைக் கடைசி ஸ்டேஷனில்தான் கணக்கெடுப்பார்கள். எதை அளக்கிறோமோ அது மட்டும் அழகாகும். நாங்கள் செய்ததில் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயம். அயர்லாந்துக் கரையோரப் பாறை ஒன்றைச் சுற்றி வரும் சுமார் 600 மைல் ஓட்டம். 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல். பந்தயத்தில் ஓடிய 15 பேர் மாண்டார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் 5 மூழ்கின. மீதி 19 படகுகள் பிறகு மிதந்தபடியே கிடைத்தன, அது இன்னொரு சோகம். புயல்தான் மூல காரணம், விதியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் பிறகு நடந்த விசாரணை, படகுகள் எவ்வளவு சாய்ந்தால் திரும்ப நிமிராமல் கவிழ்ந்தே கிடக்கும் என்ற கணக்கை மேசைமேல் கொண்டுவந்தது. அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் முடித்தது ஒன்றே ஒன்று: ‘அஸென்ட்’ என்ற கான்டெஸ்ஸா 32. டேவிட் சாட்லர் வரைந்து, லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டிய, குறுகிய உடலும் அடியில் கனமும் கொண்ட ரகம். 150 டிகிரியையும் தாண்டிச் சாய்ந்தாலும் அது திரும்பி நிமிரும். அதே ரகம் பந்தயங்களில் பரிசு வாங்கியதும் உண்டு. குடும்பங்களைச் சுமந்ததும் உண்டு. எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். அந்த அஸென்ட்டையே வில்லி கெர் என்ற உரிமையாளர் பிற்பாடு ஆர்க்டிக்குக்கும் அண்டார்க்டிகாவுக்கும் ஓட்டிப் போனார்.

அதனால்தான் சொல்கிறேன்: இரண்டு வேலை செய்யும் படகு என்றால், ஒரு பந்தயப் படகுக்குள் மெத்தை போட்டது என்று அர்த்தமில்லை. வீடு திரும்ப வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதிவிட்டு, பிறகு வேகத்தை வரைந்த படகு. எழுதிய வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும்.

இன்று உலகில் பரவலாக உள்ள ஐ.ஆர்.சி. மதிப்பெண் முறையில் சூத்திரத்தை வெளியிடுவதே இல்லை. தெரிந்தால்தானே ஏமாற்றுவார்கள். சொல்லாமல் வரும் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி. அதில் சாதாரணப் பயணப் படகுகளும் மானமாக ஓட முடிகிறது. டென்மார்க்கின் எக்ஸ்-யாட்ஸ், அமெரிக்காவின் ஜே-போட்ஸ், பிரான்சில் பெனெட்டோவின் ‘ஃபர்ஸ்ட்’ வரிசை என்று பல பட்டறைகள் இந்தக் கலப்பு ரகத்தில் பெயர் எடுத்தவை.

சரி, தங்கை மகனின் படகுக்கு வருவோம். கரையேற்றி மரக்கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். விற்பவர் முதலில் காட்டியது கோப்பைகளின் போட்டோ. நான் முதலில் பார்த்தது கீல். நம் ஊர்க் கப்பல் தச்சர் ‘ஏரா’ என்பது மரக்கலத்தின் அடிக்கட்டையை, இதிலோ உடலுக்குக் கீழே தனியாகத் தொங்கும் கனமான உலோகத் துடுப்பு, உடலோடு போல்ட்டுகளால் பிடித்திருக்கும். படகை நிமிர்த்துவதே அதுதான். நல்லவற்றில் ஈயம் போடுவார்கள். இரும்பைவிடச் சிறிய இடத்தில் அதே எடையை இன்னும் கீழே வைக்கலாம். இந்தப் படகில் கீலும் உடலும் சேரும் விளிம்பு முழுக்கத் துருக் கண்ணீர். முன் மூலையில் தரைதட்டிய தழும்பு, மேலே பூசிய புது பெயின்ட். உடலை வரிசையாகத் தட்டினேன். ஒரு காலத்தில் ரயில் நின்றதும் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவார்களே, அதே வேலை. நல்ல கண்ணாடியிழை ‘டிக்’ என்று கேட்கும். கீலுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு ‘பொத்’ என்றது. அடுக்குகள் பிரிந்திருக்கின்றன.

உள்ளே இரும்புக் குழாயில் கட்டிய நாலு கான்வாஸ் தொட்டில். ஒரு பர்னர் அடுப்பு. கழிப்பறைக்குத் திரை. படகு சாயும்போது பிடித்துக்கொள்ள, என் கைக்கே எட்டும் இடத்தில் ஒரு கம்பி இல்லை. ஏழு வயதுக் குழந்தை எதைப் பிடிக்கும்? எத்தனை டிகிரி வரை நிமிரும், அதற்குக் காகிதம் உண்டா என்று கேட்டேன். “இது ரேஸ்ல ஜெயிச்ச போட் சார்” என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று தங்கை மகனுக்கே புரிந்துவிட்டது. முகம் வாடிப்போய் நின்றான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், வாஷியில் டீ குடிக்கும்போது, ‘சீக்கி ரஃபிகி’யைப் பற்றிச் சொன்னேன். 2014 மே மாதம், ஆன்டிகுவா பந்தயம் முடிந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த 40 அடிப் படகு. நான் மேலே புகழ்ந்த அதே கலப்பு ரகம்தான். நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று போயிற்று. நான்கு பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. முன்பு தரைதட்டியதும், அதற்குச் செய்த பழுதுவேலைகளும் சேர்ந்து பிடிமானத்தைத் தளர்த்தியிருக்கலாம் என்பது அரசு விசாரணையின் கருத்து. ரகம் நல்லதாயிருந்தால் போதாது. யார் ஓட்டினார்கள், யார் பழுது பார்த்தார்கள், தரைதட்டியதை ரிஜிஸ்டரில் எழுதினார்களா என்பதும் வேண்டும். ரிஜிஸ்டர் என்றதும் அவன் சிரித்துவிட்டான். “மாமா, போட்டுக்கு ஏது ரிஜிஸ்டர்?” அதுதான் கேள்வி என்றேன்.

என்னை மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். தனியொருவராக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் வென்டே குளோப் பந்தயத்தில் 1989-90-இல் வென்றவருக்கு 109 நாள் ஆயிற்று. 2024-25-இல் வென்ற ஷார்லி டாலான் 64 நாட்களில், இறக்கை வைத்துத் தண்ணீருக்குமேல் எழும் படகில், முடித்தார். அந்த மாதிரிப் படகில் அடுப்புக்கும் பெர்த்துக்கும் இடம் பார்த்திருந்தால் இந்த முன்னேற்றம் வந்திருக்குமா? வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். சோதனை ஓட்டத்துக்குச் சோதனை வண்டி வேண்டும். நான் சொல்வது, பத்து வருடம் ஓடிய சோதனை வண்டியைக் குடும்ப வண்டி என்று பெயர் மாற்றி ஏமாந்தவன் தலையில் கட்டாதே என்பதுதான்.

நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. இங்கே பந்தயம் என்றால் பெரும்பாலும் ஒருவர் இருவர் ஓட்டும் சிறு படகுகள். சென்னையின் நேத்ரா குமணன், வேலூர்ப் பையன் விஷ்ணு சரவணன் போன்றோர் அதில்தான் ஒலிம்பிக் வரை போனார்கள், பெருமைதான். அதற்கு மேல் நாலு பேர் தூங்கி எழுந்து ஓட்டும் படகுக்குப் போனால், வெளிநாட்டில் ஓய்ந்ததை வாங்குவதே பலருக்கு வழி. இத்தனைக்கும் நம்மால் கட்ட முடியாததா? கோவாவில் திவார் தீவிலுள்ள அக்வேரியஸ் பட்டறை 2009-இல் கடற்படைக்கு ‘மாதே’யைக் கட்டிக் கொடுத்தது. 56 அடி. அதில் திலிப் தோண்டே தனியாக உலகைச் சுற்றினார். பிறகு அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றினார். பந்தயத்துக்கென்று கட்டியதல்ல அது. ஆனாலும் கேப் டவுனிலிருந்து ரியோ போகும் பந்தயத்தில் ஓடியது. அதன் தங்கை ‘தாரிணி’யும் 2023-இல் அதே பந்தயத்தில். அந்தத் தாரிணியில்தான் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள் இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகள். கோழிக்கோட்டு தில்னா, புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. இரண்டே பேர். 56 அடியைக் கட்டத் தெரிந்த கைகளுக்கு 32 அடி கைக்கடக்கம். நாலு சம்பளக்காரர்கள் சேர்ந்து வாங்கும் விலையில், வீடு திரும்பும் கணக்கை முதலில் போட்டு, அந்தக் கணக்கைக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்து, ஒரு நல்ல கலப்பு ரகப் படகை இங்கேயே கட்டினால், அதைக் கேட்டு வாங்க மும்பையிலும் கொச்சியிலும் சென்னையிலும் ஆள் இருக்கிறது. இளைஞர்கள் ஓய்ந்த பந்தயப் படகுகளின் பெயின்ட்டில் மயங்க வேண்டியிருக்காது.

கட்டுமரம் பற்றிக் கேட்ட நண்பருக்கு: ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பது நம் சொல், சந்தேகமில்லை. ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகின் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. அலையில் மூழ்காது, கரையில் அவிழ்த்துக் காயவைக்கலாம், அதற்கான பெருமை அதற்கு உண்டு. சொல் போன இடத்துக்கெல்லாம் பொருளையும் சேர்த்து அனுப்பிவிட்டதாக நாம் மேடையில் பேச வேண்டாமே.

தங்கை இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனால் “போகவே கூடாது” என்பது, “அண்ணே, நீ பார்த்துச் சொன்னா சரி” என்று இறங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது. ஷெட்டில் ‘ஃபிட்’ என்று கையெழுத்துப் போட்ட இரவுகள் ஞாபகம் வருகின்றன. பையன்கள் இப்போது வேறொருவர் படகில் ஆட்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் கொச்சியிலிருந்து ஒரு விவரம் வந்தது: 32 அடி, ஈயக் கீல், மூன்று பெர்த், ஒரே உரிமையாளர், ஆரம்பத்திலிருந்து எழுதிய லாக் புத்தகம் இருக்கிறதாம். மங்களா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறான். சுத்தியலையும் டார்ச்சையும் பெட்டியில் வைத்தாயிற்று. இந்தத் தடவை ஒரு எலுமிச்சம்பழமும்.